குமாரமங்கலம் ஜமீன்தாரும் நம் கல்லறைச் சுவரும்



கரும்பு அரைவைப் பருவத்தில் எறையூர் சர்க்கரை ஆலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சாலை நெடுகக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். முறை வரும்வரை டீக்கடைகளில் ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் ஓடும். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து அந்தப் பக்கம் வந்த நாமும் ஒரு கடையில் அமர்ந்தோம். பேச்சு சாதிவாரிக் கணக்கெடுப்பைப் பற்றித் திரும்பியது. அப்போது ஓர் இளைஞர் கேட்டார்:

"அண்ணே, கணக்கெடுக்க வந்தா மதம்ங்கிற இடத்துல நான் என்ன சொல்றது? கிறிஸ்தவர்னு சொன்னா எஸ்.சி. இல்லைங்கிறாங்க. இந்துன்னு சொன்னா ஞாயித்துக்கிழமை எந்த முகத்தோட கோயிலுக்கு வர்றது?"

அருகில் இருந்த பெரியவர் ஒருவர் சற்றுக் கோபத்துடன், "நாம வேதக்காரங்கப்பா. நமக்குள்ள சாதியப் பத்தி என்ன பேச்சு?" என்றார். இளைஞர் அமைதியாகச் சொன்ன பதில் இது: "கல்லறையில மட்டும் சாதி பார்க்கலாமா பெரியப்பா?"

பெரியவர் பேசவில்லை. நாமும் பேசவில்லை. வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. உயர்ந்த இடத்தில் பிறந்தவர்கள், அந்த இடத்தைக் கொண்டு என்ன செய்ய வேண்டும்? இதற்கு விடை தேடியபோது நம் நினைவுக்கு வந்தவர், ஏறக்குறைய நாம் மறந்துவிட்ட ஒரு தமிழர்.

உயர்குடியில் பிறப்பது குற்றமா?

முதலில் உலகறிந்த ஒருவரைப் பார்ப்போம். சுவீடன் நாட்டின் டாக் ஹாமர்ஷீல்டு 1905-இல் உயர்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய தந்தை முதல் உலகப் போர்க் காலத்தில் அந்நாட்டின் பிரதமர். ஹாமர்ஷீல்டும் சுவீடன் அமைச்சரவையில் இடம் பெற்றார். 1953-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளர் ஆனார். 1961 செப்டம்பரில் காங்கோ நாட்டுச் சண்டையை நிறுத்தப் பேச்சுவார்த்தைக்குச் சென்றபோது விமானம் விழுந்து உயிர் துறந்தார். அந்த ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு, அவர் இறந்தபின் அவருக்கு வழங்கப்பட்டது. பரம்பரைப் பெருமையை அவர் பணிக்கான கடனாகக் கருதினார் என்று அவரை அறிந்தோர் கூறுவர்.

அப்படிப்பட்டவர் நம் மண்ணில் உண்டா? உண்டு. அவர்தான் டாக்டர் ப. சுப்பராயன். ஜமீன்தார், சென்னை மாகாணத்தின் முதலமைச்சர், இந்தியத் தூதர், மத்திய அமைச்சர், ஆளுநர் என்று பல பொறுப்புகளை ஏற்றவர்.

ஜமீன் என்றால் என்ன என்று நம் பகுதி மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. அரியலூர், உடையார்பாளையம் ஜமீன்களின் கதைகளைப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் நாம். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்தின் வரலாற்றைப் பேசும்போதும் அரியலூர் மழவராயரின் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. நிலம், வரி, தீர்ப்பு எல்லாம் ஒரு குடும்பத்தின் கையில் இருந்த காலம் அது.

இன்றைய நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோட்டுக்கு அருகில் உள்ள குமாரமங்கலம் ஜமீனில் 1889 செப்டம்பர் 11 அன்று சுப்பராயன் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும், பின்னர் ஆக்ஸ்போர்டு, டப்ளின் பல்கலைக்கழகங்களிலும் படித்தார். அவருடைய முதல் துணிவு திருமணத்தில் தெரிந்தது. கொங்கு வேளாளக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், மங்களூரின் சாரஸ்வத பிராமணக் குடும்பத்துப் பெண்ணான ராதாபாயை மணந்தார். ராதாபாயின் தந்தை குத்முல் ரங்க ராவ், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தியதற்காகத் தம் சொந்தச் சாதியாரின் பகையைத் தேடிக்கொண்டவர். இந்தக் காலத்திலேயே கலப்பு மணம் என்றால் ஊரில் தலை உருள்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜமீன் வீட்டில் அது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும்!

அந்த ராதாபாய் சுப்பராயன்தான் 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் கலந்துகொண்ட இருவரில் ஒருவர். 1938-இல் அன்றைய மத்திய சட்டமன்றத்தின் மேலவைக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவரே.

பன்னிரண்டில் இரண்டு

1926 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அதிக இடங்களை வென்ற சுயராஜ்யக் கட்சி ஆட்சி அமைக்க மறுத்தது. நீதிக்கட்சியும் முன்வரவில்லை. சுயேச்சையாக இருந்த சுப்பராயனை ஆளுநர் அழைத்தார். 1926 டிசம்பர் முதல் 1930 அக்டோபர் வரை அவர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார்.

அவரது ஆட்சியில் 1927-இல் வெளியான வகுப்புவாரி ஆணையை 1928-இல் அமைச்சர் முத்தையா முதலியார் நடைமுறைக்குக் கொண்டு வந்தார். அரசு வேலைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று அந்த ஆணை பங்கிட்டது. இதற்கு முன் நீதிக்கட்சி ஆட்சியிலும் இத்தகைய ஆணைகள் வந்தன. ஆனால் அவை பெரிதும் காகிதத்திலேயே தங்கிவிட்டன.

நாம் இதில் கவனிக்க வேண்டியது என்ன? நம் தாத்தாக்களில் பலர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகவோ பத்திரப் பதிவு அலுவலராகவோ அமர முடிந்ததற்கு அந்தப் பன்னிரண்டில் இரண்டும் ஒரு காரணம். நமக்கு அந்தப் பங்கை அளித்த ஆட்சிக்குத் தலைமை தாங்கியவர் ஓர் இந்து ஜமீன்தார். இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்டுவது நம் நோக்கமல்ல. 1928-இல் சைமன் குழு வந்தபோது நாடே அதைப் புறக்கணித்தது. அவரது அமைச்சரவையில் இருந்த அரங்கநாத முதலியாரும், கிறிஸ்தவரான ஆரோக்கியசாமி முதலியாரும் குழுவைப் புறக்கணிக்க வேண்டும் என்று கூறிப் பதவி விலகினார்கள். சுப்பராயன் விலகவில்லை. நீதிக்கட்சியின் ஆதரவுடன் பதவியில் தொடர்ந்தார். விலகியவர்களின் துணிவை நாம் மதிக்கிறோம். ஆனால் விலகாதவர் அந்த நாற்காலியில் இருந்து என்ன செய்தார் என்பதையும் சேர்த்தே வரலாறு எடை போடுகிறது.

கோயில் கதவைத் தட்டியவர்

1932-ஆம் ஆண்டு. தாழ்த்தப்பட்டோர் கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காக நாடெங்கும் குரல் எழுந்திருந்தது. சுப்பராயன் அப்போது அமைச்சர் அல்லர். இருந்தும் சென்னைச் சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா ஒன்றைக் கொண்டுவர முயன்றார். காந்தியடிகள் அந்த மசோதாவை ஆதரித்து எழுதினார். ஆனால், இது ஒரு மாகாணம் மட்டும் முடிவு செய்யும் விஷயமல்ல என்று கூறி, 1933 ஜனவரியில் வைஸ்ராய் அனுமதி மறுத்துவிட்டார். மசோதா அங்கேயே நின்றது.

கதவு மூடப்பட்டது என்று அவர் ஒதுங்கிப் போகவில்லை. பின்னர் காங்கிரசில் சேர்ந்து, 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டம், கல்வி ஆகிய துறைகளின் அமைச்சர் ஆனார். 1947-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் உள்துறைப் பொறுப்பை ஏற்றார். அதே 1947-இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் நிறைவேறியது. தாம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தட்டிய கதவு திறந்ததை அவர் தம் கண்ணால் பார்த்தார்.

அதே ஆண்டு நவம்பரில் வகுப்புவாரிப் பங்கீடும் மாற்றப்பட்டது. இப்போது பதினான்கு இடங்கள். பிராமணரல்லாதாருக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவருக்கு 1. கணக்கைப் பாருங்கள். நம் பங்கு குறைந்தது. கடைசியில் நின்றவரின் பங்கு கூடியது. அன்று நம் முன்னோர் இதை இழப்பு என்று வருந்தியிருக்கலாம். ஆனால் அந்தக் கடைசி வரிசையில் நின்றவர்களின் உறவினர் பலர் நம் கோயில்களிலும் முழந்தாளிட்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. சென்னை மாகாணத்தில் ஜமீன்தாரி முறையை ஒழித்த சட்டம் 1948-ஆம் ஆண்டுச் சட்டம். அதைக் கொண்டுவந்தது ஓமந்தூராரின் ஆட்சி. அந்த ஆட்சியின் அமைச்சரவையில் இடம் பெற்றவர்தான் குமாரமங்கலம் ஜமீன்தார். தம் வகுப்பின் பட்டத்தையும் பாத்தியதையையும் முடித்து வைக்கப் புறப்பட்ட அரசில் அவர் மனமார இருந்தார். நம்மில் யாருக்காவது, நம் குடும்பத்தின் உரிமை ஒன்றைப் பறிக்கும் தீர்மானம் பங்குப்பேரவையில் வந்தால் கை தூக்கும் மனம் வருமா? பல தலைமுறையாக நம் வீட்டுக்கு உரியதென்று வைத்திருக்கும் தேர் இழுக்கும் முதல் மரியாதையை விட்டுக்கொடுப்பதற்கே நாம் எத்தனை முறை காவல் நிலையம் வரை போயிருக்கிறோம்!

தூதரும் தந்தையும்

அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்த சுப்பராயன், 1949 முதல் 1951 வரை இந்தோனேசியாவில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். டச்சு ஆட்சியிலிருந்து அந்நாடு 1949 டிசம்பரில் முழு இறையாண்மை பெற்ற நேரம் அது. அடுத்த மாதமே, நம் முதல் குடியரசு நாளில் இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ தலைமை விருந்தினராக டில்லியில் நின்றார். புதிதாக விடுதலை பெற்ற இரு நாடுகள் கைகோத்த அந்தக் காலத்தில் இடையே நின்ற தூதர் ஒரு தமிழர்.

1955-இல் அமைக்கப்பட்ட ஆட்சிமொழி ஆணையத்திலும் அவர் உறுப்பினர். பெரும்பான்மை உறுப்பினர்களின் கருத்தை ஏற்காமல், இந்தி பேசாத மக்களின் நிலையை எடுத்துரைத்து மாற்றுக் குறிப்பு எழுதிய இருவரில் அவர் ஒருவர். மற்றவர் வங்கத்து மொழியறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி. ஆளும் கட்சியில் இருந்துகொண்டே மாற்றுக் கருத்தைக் கையொப்பமிட்டுத் தருவது எளிதல்ல.

வீட்டிலும் அப்படியே. மூத்த மகன் பி. பி. குமாரமங்கலம் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி ஆனார். மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதி கிருஷ்ணனும் இங்கிலாந்தில் படிக்கும்போதே கம்யூனிஸ்டுகள் ஆனார்கள். 1957 தேர்தலில் தந்தை திருச்செங்கோட்டிலும், மகள் கோவையிலும் வென்று ஒரே மக்களவையில் அமர்ந்தார்கள். தந்தை காங்கிரஸ் வரிசையில், மகள் கம்யூனிஸ்ட் வரிசையில். 1959 முதல் தந்தை மத்திய போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர். பேரன் ரங்கராஜன் குமாரமங்கலம் பின்னாளில் இன்னொரு கட்சியில் சேர்ந்து, நம் பக்கத்துத் திருச்சியிலிருந்து 1998, 1999 தேர்தல்களில் மக்களவைக்குச் சென்றதைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். ஒரே வீட்டில் இத்தனை கொள்கைகள்! இன்று அன்பியக் கூட்டத்தில் மாற்றுக் கருத்து சொன்னாலே பேச்சு வார்த்தை நின்றுபோகும் நமக்கு, இந்தக் குடும்பத்தில் படிக்க ஒரு பாடம் உண்டு.

1962-இல் மகாராட்டிர மாநில ஆளுநராகப் பொறுப்பேற்ற சுப்பராயன், அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று காலமானார்.

இப்போது நம் கணக்கு

மீண்டும் அந்த டீக்கடைக் கேள்விக்கு வருவோம்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேர்க்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு இக்கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டது. 1931-க்குப் பின் எல்லாச் சாதிகளையும் எண்ணும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதுவே.

அந்த இளைஞரின் அச்சத்துக்குக் காரணம் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது அது. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் இந்தத் தடை நீக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் நீக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். இச்சிக்கலை ஆராய 2022-இல் நீதியரசர் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது. தலித் கிறிஸ்தவர்களுக்கும் அவ்வுரிமை வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. கிறிஸ்தவ வாழ்வு வாழ்ந்துகொண்டே வேலைக்காக மட்டும் இந்து என்று கூறிச் சலுகை கேட்பது அரசியல் சாசனத்தை ஏய்ப்பதாகும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசிடம் நாம் நீதி கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். மதம் மாறியதால் சாதிக் கொடுமை மறைந்துவிடவில்லை என்பதே நம் வாதம். ஆனால் அந்த வாதத்துக்கு நாம் காட்டும் சான்று எது? நம் சொந்தக் கோயில்களும் கல்லறைகளும்தானே! இது எவ்வளவு வெட்கக்கேடு என்று சிந்தித்திருக்கிறோமா?

நம் எறையூரின் பெயரையே தாங்கிய இன்னொரு எறையூர், அன்றைய விழுப்புரம், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. 2008 மார்ச் மாதம், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் அதே ஊரின் பிற கத்தோலிக்கர்களுக்கும் இடையே மூண்ட மோதலில் வீடுகள் நொறுக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே திருமுழுக்குத் தண்ணீரில் பிறந்தவர்களுக்கு நடுவே துப்பாக்கி வர வேண்டியதாயிற்று. பெயர் ஒன்றாக இருப்பதாலோ என்னவோ, அந்தச் செய்தி நம்மைக் கூடுதலாகவே சுட்டது.

சாதி வேற்றுமை திருச்சபையின் பணிக்கே முரணானது என்று 2003-இல் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தெளிவாகக் கூறினார். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது பெரிய காரியம். ஆனால் அந்த ஏட்டுக்கும் நம் ஊர்க் கல்லறைக்கும் இடையே உள்ள தூரத்தை யார் நடப்பது?

சுப்பராயன் வாழ்வு நமக்குச் சொல்வது இதுதான். தம் சமயத்துக் கோயில் கதவு மூடியிருந்தபோது, வெளியே நின்றவர் வந்து தட்டட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. உள்ளே இருந்த அவரே தாழ்ப்பாளில் கை வைத்தார். கதவு எப்போதும் உள்ளே இருப்பவரால்தான் எளிதில் திறக்கப்படும். வெளியே நிற்பவர் தட்டினால் அது கலகம் எனப்படுகிறது. தாம் கடவுளுக்கு இணையாயிருந்தும் அந்த நிலையைப் பற்றிக்கொள்ளாமல் அடிமையின் வடிவம் எடுத்தவரை வணங்கும் நாம், ஒரு ஜமீன்தார் செய்ததையாவது செய்யக் கூடாதா?

என்ன செய்யலாம்?

அந்த இளைஞருக்கு முதலில் பதில் சொல்வோம். தம்பி, கணக்கெடுப்பவரிடம் உண்மையைச் சொல். கிறிஸ்தவன் என்று சொல். உன் சாதியையும் மறைக்காமல் சொல். 1948-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் தரும் விவரம் இரகசியமானது. அதைக் கொண்டு உன் சாதிச் சான்றிதழைக் கொடுக்கவும் முடியாது, பறிக்கவும் முடியாது. நீ மறைத்தால், நாட்டில் தலித் கிறிஸ்தவர் எத்தனை பேர் என்ற எண் குறையும். எண் குறைந்தால் கோரிக்கையின் பலமும் குறையும்.

உயர்ந்தவர் எனத் தங்களைக் கருதும் நம் பங்கு மக்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் அதிகம். நம் பங்கில் பாடகர் குழுவில், பீடச்சிறுவர்களில், பங்குப்பேரவைப் பொறுப்புகளில், திருவிழா மரியாதையில், கிறிஸ்தவப் பள்ளி வேலைகளில் யார் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். அன்று பன்னிரண்டாகப் பிரித்துப் பார்த்தார்களே, அதுபோல. அரசு எண்ணுவதற்கு முன் நாமே எண்ணுவோம். எண்ணிப் பார்த்தால் வெட்கம் வரலாம். வந்தால் நல்லதுதான்.

கல்லறையில் தடுப்புச் சுவரோ, தனிப் பாதையோ இருக்குமானால், அதை அகற்றும் கோரிக்கை அந்தப் பக்கத்திலிருந்து வரும்வரை காத்திராமல், இந்தப் பக்கத்தில் நிற்கும் நாமே பங்குத்தந்தையிடம் எழுதிக் கொடுப்போம். அந்த விண்ணப்பத்தில் முதல் கையொப்பம் ஊரின் பெரிய வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும்.

பங்கு கேட்பவர்கள் முதலில் பங்கு கொடுக்கக் கற்க வேண்டும். 1928-இல் நமக்கு இரண்டு பங்கு தந்தவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அது ஒன்றே. அடுத்த அரைவைப் பருவத்தில் அதே டீக்கடையில் அந்த இளைஞரைச் சந்திக்கும்போது, அந்தப் பெரியவரும் நாமும் தலை நிமிர்ந்து அவர் பக்கத்தில் அமர முடியுமா? முடிவு நம் கையில். சிந்திப்போம், செயல்படுவோம்!